அமெரிக்க அரசியல் புரளிகள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். 2024 தேர்தல் சமயத்தில் ஊரிலிருந்து சொந்தக்காரர்களும் இங்கே தமிழ்ச் சங்கத்து நண்பர்களும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியதை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்றுதான் இது. நான் பத்திரிகையாளன் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் கருத்து உண்டு, அதை மறைக்கப் போவதும் இல்லை. நடந்தது எது, என் கருத்து எது என்று தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டிக்காரர்கள் நாய், பூனைகளைத் தின்றார்களா?

இல்லை. இதை முதலில் வைக்கக் காரணம், அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான். அந்தப் புரளி எப்படி உருவானது என்பதை ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடர முடிகிறது என்பது இன்னொரு காரணம்.

ஸ்பிரிங்ஃபீல்டில் சுமார் 58,000 பேர். ஆலைகள் மூடி, ஆள் குறைந்துகொண்டே வந்த ஊர். கோவிட் சமயத்துக்குப் பிறகு கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை வந்தது, அந்த வேலைக்கு ஹைட்டியிலிருந்து வந்தவர்கள் சேர்ந்தார்கள். ஊர் நிர்வாகத்தின் மதிப்பீடு 12,000 முதல் 15,000 பேர் வரை. பெரும்பாலானவர்கள் தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்தில் சட்டப்படி இருந்தவர்கள். சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேர் வந்தால் என்ன ஆகும்? வாடகை ஏறியது, மருத்துவமனையில் வரிசை நீண்டது, பள்ளிகளில் மொழிபெயர்ப்பாளர் போதவில்லை. 2023 ஆகஸ்டில் ஹைட்டிக்காரர் ஒருவர் ஓட்டிய வண்டி பள்ளிப் பேருந்தில் மோதி 11 வயதுச் சிறுவன் இறந்தான். இவ்வளவும் உண்மை. அந்த ஊர்க்காரர்களின் கவலையையும் துக்கத்தையும் யாரும் கற்பனை என்று சொல்ல முடியாது.

அதன் மேல் கட்டினதுதான் பூனைக் கதை. உள்ளூர் ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரின் மகளுடைய தோழியின் பூனைக்கு இப்படி ஆனதாம் என்று எழுதினார். தனக்கு நேரடியாக எதுவும் தெரியாது, எழுதியதற்கு வருந்துகிறேன் என்று பிறகு அவரே சொன்னார். வாத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஆள் படம் ஒன்று சுற்றியது அல்லவா, அது ஸ்பிரிங்ஃபீல்டே இல்லை, எங்கள் கொலம்பஸ். அந்த ஆள் ஹைட்டிக்காரர் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பூனையைக் கொன்று தின்றதாக ஒரு பெண்ணை போலீஸ் பிடித்தது உண்மை, ஆனால் அது நடந்தது வெகு தூரத்தில் கேன்டன் என்ற ஊரில், அவர் அமெரிக்கக் குடிமகள், ஹைட்டிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி ஒரே செய்தி ஆக்கிவிட்டார்கள்.

2024 செப்டம்பர் 10 அன்று தொலைக்காட்சி விவாதத்தில் டிரம்ப் இதைச் சொன்னபோது 6 கோடியே 70 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாளே துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸின் அலுவலகத்திலிருந்து நகர மேலாளரை அழைத்துக் கேட்டிருக்கிறார்கள், ஆதாரம் எதுவும் இல்லை என்று அவர் சொல்லியும் இருக்கிறார். சில நாள் கழித்து சிஎன்என் பேட்டியில், மக்களின் துன்பத்தை ஊடகம் கவனிக்க வேண்டும் என்பதற்காகக் கதைகளை உருவாக்க வேண்டியிருந்தால் அதைச் செய்வேன் என்றார் வான்ஸ். கதை கட்டுவதைச் சொல்லவில்லை, ஊடகத்தின் கவனத்தை அங்கே திருப்புவதைத்தான் சொன்னேன் என்று அதே பேட்டியில் விளக்கமும் கொடுத்தார். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

அப்புறம் வெடிகுண்டு மிரட்டல்கள், 30க்கும் மேல். பள்ளி, மருத்துவமனை, நகர மன்றம் எதையும் விடவில்லை. எல்லாமே வெற்று மிரட்டல்கள், பல வெளிநாட்டிலிருந்து வந்தவை. மாநில ஆளுநர் மைக் டிவைன் டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர், ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பிறந்தவர். அவர்தான் பள்ளிகளுக்கு மாநிலப் போலீஸை அனுப்பினார், இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவரும் அவர். இறந்துபோன சிறுவனின் அப்பா நகர மன்றக் கூட்டத்தில் நின்று, என் பிள்ளையின் பெயரை அரசியலுக்கு எடுக்காதீர்கள் என்று கெஞ்சினார். அதுவும் விவாதம் நடந்த அதே செப்டம்பர் 10.

பொய், வதந்தி, பரப்புரை எல்லாம் ஒன்றுதானே?

பூனையைப் பற்றி எழுதியவர் பரப்பியது வதந்தி. தெரியாமல் செய்தார், பிறகு வருத்தமும் தெரிவித்தார். ஆதாரம் இல்லை என்று தெரிந்த பிறகும் அதை ஓட்டுக்காக மேடை ஏற்றினால் அது பரப்புரை. பரப்புரையில் பொய் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உண்மையான தகவலையே, பார்ப்பவர் யோசிப்பதற்கு முன் கோபப்படும்படி அடுக்கினாலும் அது பரப்புரைதான்.

அமெரிக்காவில் இதை முதலில் பெரிய அளவில் ஒரு துறையாகவே நடத்தியது அரசாங்கம். அதிபர் வில்சன் 1916இல் “நம்மைப் போரில் இழுத்துவிடாதவர்” என்ற முழக்கத்தில் மறுபடி ஜெயித்தார், 1917 ஏப்ரலில் ஜெர்மனிக்கு எதிராக முதல் உலகப் போரில் இறங்கினார். மனதளவில் நாடு அதற்குத் தயாராக இல்லை. உடனே ஜார்ஜ் கிரீல் தலைமையில் பொதுத் தகவல் குழு என்று ஒன்று அமைத்தார்கள். சினிமா தியேட்டரில் ரீல் மாற்ற ஆகும் நான்கு நிமிடத்தில் எழுந்து பேச 75,000 தொண்டர்கள்! ஜெர்மன் முட்டைக்கோஸ் ஊறுகாய்க்குக்கூட “சுதந்திர முட்டைக்கோஸ்” என்று பெயர் வைத்தார்கள். கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் 1918இல் இல்லினாய் மாநிலத்தில் ஜெர்மனியில் பிறந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கூட்டம் தூக்கிலிட்டுக் கொன்றது. அந்தக் குழுவில் வேலை பார்த்த எட்வர்ட் பெர்னேஸ் பிறகு மக்கள் தொடர்பு என்ற தொழிலுக்கே முன்னோடி ஆனார்.

அரசாங்கம் சொல்லிப் பிடிபட்ட பொய்கள் உண்டா?

நிறைய. இதனால்தான் “அரசு சொன்னால் நம்பாதே” என்கிறவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்வதில்லை. 1964 ஆகஸ்ட் 4 அன்று டோங்கின் வளைகுடாவில் வட வியட்நாம் இரண்டாவது முறை தாக்கியது என்றார்கள். அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை. ஆனால் மூன்று நாளில் செனட் 88க்கு 2 என்று தீர்மானம் போட்டது, அதை வைத்துத்தான் வியட்நாம் போர் அவ்வளவு பெரிதானது. 1990 அக்டோபரில் குவைத்திலிருந்து வந்த 15 வயதுப் பெண், இராக் படையினர் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் முன் அழுதுகொண்டே சொன்னாள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் குவைத்துக்காக நடத்திய பிரச்சாரத்தில் அந்த சாட்சியம் ஒரு பகுதி என்பதும் போர் முடிந்த பிறகு, 1992இல்தான் வெளியே வந்தது. 2003 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் இராக்கில் இல்லை. அந்தப் பேச்சு தன் பெயருக்கு ஒரு கறை என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

இவை மூன்றும் எப்படி வெளியே வந்தன என்றும் பார்க்க வேண்டும். ஆவணங்கள், பத்திரிகையாளர்கள், விசாரணைக் குழுக்கள் மூலமாகத்தான். யூட்யூபில் ஒருவர் “எனக்கு மட்டும் தெரியும்” என்று சொன்னதால் இல்லை.

2020 தேர்தல் திருடப்பட்டதா? ராத்திரி முன்னணியில் இருந்தவர் காலையில் எப்படிப் பின்தங்கினார்?

திருடப்படவில்லை. ஆனால் இரண்டாவது கேள்வி நியாயமானது. நம் ஊரில் தபால் ஓட்டை முதலில் எண்ணிப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் தெரியும்.

பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாமலே யாரும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்ற சட்டம் அங்கே 2019இல் வந்தது, அதை நிறைவேற்றியது குடியரசுக் கட்சி பெரும்பான்மை வைத்திருந்த மாநிலச் சட்டமன்றம். அடுத்த ஆண்டு கோவிட், லட்சக்கணக்கானவர்கள் தபாலுக்குப் போனார்கள். தபால் ஓட்டை நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்காகச் சொன்னதால் அவருடைய ஆட்கள் நேரில் போய்ப் போட்டார்கள், பைடன் ஆட்கள் தபாலில் போட்டார்கள். தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்பு தபால் உறையைப் பிரிக்கவே கூடாது என்பது மாநிலச் சட்டம். அப்படியென்றால் முதலில் எண்ணப்படுவது நேரில் விழுந்த ஓட்டு, கடைசியில் எண்ணப்படுவது தபால் ஓட்டு. முதலில் டிரம்ப் முன்னால் இருப்பார், போகப் போக பைடன் ஏறுவார் என்று தேர்தலுக்கு முன்பே பலர் எழுதியிருந்தார்கள். உறையை முன்கூட்டியே பிரிக்க அனுமதி கொடுங்கள் என்று தேர்தல் அதிகாரிகள் கேட்டார்கள், மன்றம் கொடுக்கவில்லை. அந்த ஒரு அனுமதி கிடைத்திருந்தால் இந்தப் புரளியில் பாதி பிறந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

சரி, ஏமாற்று நடந்ததா என்று யாராவது பார்த்தார்களா? பார்த்தார்கள், பெரும்பாலும் டிரம்ப் கட்சிக்காரர்களே பார்த்தார்கள். ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் ஓட்டுச் சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணினார்கள், பைடன்தான் ஜெயித்திருந்தார். அங்கே தேர்தல் பொறுப்பில் இருந்தவர் குடியரசுக் கட்சிக்காரர். அரிசோனாவில் அந்தக் கட்சியின் மாநில செனட்டர்கள் சைபர் நிஞ்ஜாஸ் என்ற நிறுவனத்தை வைத்து எண்ணிப் பார்த்தார்கள், பைடனுக்கு 99 ஓட்டு கூடி டிரம்புக்கு 261 குறைந்தது. 60க்கும் மேற்பட்ட வழக்குகள், முடிவை மாற்றும் எதுவும் நிற்கவில்லை, தள்ளுபடி செய்தவர்களில் டிரம்ப் நியமித்த நீதிபதிகளும் உண்டு. அவருடைய அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் 2020 டிசம்பர் 1 அன்று, முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் நாங்கள் காணவில்லை என்றார்.

பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஓட்டு இயந்திர நிறுவனமான டொமினியன், ஃபாக்ஸ் நியூஸ் மேல் அவதூறு வழக்குப் போட்டது. அதில் வெளிவந்த உள் செய்திகளைப் படித்தால் வயிறு எரிகிறது. திரையில் இந்தக் கதைக்கு இடம் கொடுத்தவர்களே தங்களுக்குள் இது பைத்தியக்காரத்தனம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பார்வையாளர்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்களே என்ற பயத்தையும் கூடவே எழுதியிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2021 ஜனவரி 6 அன்று, அதே கதையை நம்பிய ஆயிரக்கணக்கானவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்துவிட்டார்கள். நம்பியவர்கள் சிறைக்குப் போனார்கள். பிறகு மன்னிப்பு கிடைத்தது என்பது வேறு விஷயம். நம்ப வைத்தவர்கள் யாரும் அன்று ஜன்னலை உடைக்கவில்லை.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பொய்யே சொல்வதில்லையா?

சொல்கிறார்கள். அவர்கள் பக்கம் சாய்ந்த தமிழ் நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம், உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

2009இல் குடியரசுக் கட்சியின் சாரா பேலின், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் “மரணக் குழுக்கள்” இருக்கின்றன, கிழவர்களைச் சாகவிடுவார்கள் என்றார். அப்பட்டமான பொய். மசோதாவில் இருந்தது, கடைசிக்கால சிகிச்சை பற்றி நோயாளி விரும்பி மருத்துவரிடம் பேசினால் அந்த மருத்துவருக்கு அரசு கொடுக்கும் ஒரு கட்டணம், அவ்வளவுதான். அதே திட்டத்தை விற்க ஒபாமா சொன்னது, “உங்கள் காப்பீடு பிடித்திருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம்.” 2013இல் சுமார் 40 லட்சம் பேருக்கு காப்பீடு ரத்து என்று கடிதம் போனது, ஒபாமா தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார். பொலிட்டிஃபாக்ட் என்ற சரிபார்ப்புத் தளம் 2009இன் பெரும்பொய் என்று முதலாவதையும், 2013இன் பெரும்பொய் என்று இரண்டாவதையும் தேர்ந்தெடுத்தது. பேலினுடையதை மட்டும் நினைவு வைத்திருப்பவர் எந்தப் பக்கம் என்று நான் கேட்காமலே தெரிந்துவிடும்.

ரஷ்யா விஷயத்தில் இரண்டு பக்கமும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. 2016இல் ரஷ்யா தலையிட்டது உண்மை: மின்னஞ்சல்களைத் திருடி வெளியிட்டார்கள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அறை எடுத்து அமெரிக்கர்கள் போல ஃபேஸ்புக்கில் எழுதினார்கள். அதனால் “எல்லாமே புரளி” என்கிற டிரம்ப் தரப்பு தவறு. ஆனால் டிரம்ப் பிரச்சாரக் குழு ரஷ்யாவோடு சேர்ந்து சதி செய்தது என்பதை, இதை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் முல்லரின் அறிக்கையால் நிறுவ முடியவில்லை, ரஷ்யா ஓட்டு எண்ணிக்கையையே மாற்றியது என்பதற்கும் ஆதாரம் வரவில்லை. டிரம்புக்கு ரஷ்யத் தொடர்பு என்று ஒரு முன்னாள் பிரிட்டிஷ் உளவாளி எழுதிய ஸ்டீல் அறிக்கை மாதக்கணக்காக டிவியில் ஓடியதே, அதற்குக் காசு கொடுத்தது ஒரு சட்ட நிறுவனம் வழியாக ஹிலாரி பிரச்சாரமும் ஜனநாயகக் கட்சியும். அந்தச் செலவைக் கணக்கில் தவறாகக் காட்டியதற்காக 2022இல் தேர்தல் ஆணையத்துக்கு அபராதம் கட்டினார்கள்.

2020 அக்டோபரில் பைடனின் மகன் ஹன்டரின் மடிக்கணினி பற்றிய செய்தி வந்தபோது, முன்னாள் உளவுத்துறையினர் 51 பேர் இதில் ரஷ்ய வேலையின் அடையாளங்கள் தெரிகின்றன என்று கடிதம் எழுதினார்கள். ஆதாரம் இல்லை என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள், அதை யார் படித்தார்கள்? 2024இல் அரசு வழக்கறிஞர்கள் அதே மடிக்கணினியை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தார்கள். கடைசியாக பைடனின் வயது. அவர் நன்றாகவே இருக்கிறார், வீடியோவை வெட்டி ஒட்டுகிறார்கள் என்று கட்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், 2024 ஜூன் 27 விவாதத்தில் அவர் தடுமாறியதை நாடே பார்த்தது.

அப்படியானால் இரண்டு கட்சியும் சமமா? என் கணக்கில் இல்லை. 2004இல் ஒஹாயோவில் புஷ் சுமார் 118,000 ஓட்டில் ஜெயித்தபோதும் இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஜனநாயகக் கட்சிக்காரர்களிடையே புரளி ஓடியது. ஆனால் அவர்களுடைய வேட்பாளர் கெர்ரி மறுநாளே தோல்வியை ஒத்துக்கொண்டார், காங்கிரஸில் ஆட்சேபித்து ஓட்டுப் போட்டவர்கள் 31 பிரதிநிதிகளும் ஒரே ஒரு செனட்டரும். 2021இல் அப்படி ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சியினர் 147 பேர், அவர்கள் கட்சியின் தலைவரே முன்னால் நின்றார். புரளி எல்லாக் கட்சியிலும் பிறக்கும். தலைவர் அதை அடக்குகிறாரா, ஊதிவிடுகிறாரா என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

“கு க்ளக்ஸ் க்ளான் ஜனநாயகக் கட்சியுடையது, அடிமைகளை விடுவித்தது குடியரசுக் கட்சி.” உண்மையா?

அந்தக் காலத்துக்குப் பெரும்பாலும் உண்மை. க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைக் கட்சியே நடத்தவில்லை, ஆனால் தொடக்கத்தில் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிப் பக்கம். லிங்கன் குடியரசுக் கட்சி. தெற்கில் கறுப்பர்களை ஓட்டுப் போடவிடாமல் சட்டம் போட்டு அடக்கியது ஜனநாயகக் கட்சி. 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு செனட்டில் குடியரசுக் கட்சியினர் 27 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியினர் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. விகிதத்தில் குடியரசுக் கட்சிதான் மேல். ஃபார்வர்டு இதோடு முடிந்துவிடும்.

மீதிக் கதை அந்த 6 பேரில் இருக்கிறது. அதில் ஒருவர் பாரி கோல்ட்வாட்டர், அதே ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர். நாடு முழுக்கப் படுதோல்வி அடைந்தார், ஆனால் தன் அரிசோனாவைத் தவிர ஜெயித்த ஐந்தும் தெற்கு மாநிலங்கள்: மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தெற்கு கரோலினா. பல தலைமுறையாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த மிசிசிப்பியில் 87 சதவீதம்! சிவில் உரிமைக்கு எதிராக நின்ற ஸ்ட்ராம் தர்மண்ட் அந்த வருடமே ஜனநாயகக் கட்சியை விட்டு குடியரசுக் கட்சிக்கு வந்தார். எல்லோரும் ஒரே நாளில் மாறவில்லை, முப்பது வருடம் ஆனது, மாறாமலே செத்தவர்களும் உண்டு. ஆனால் திசை அதுதான். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, 2005இல் குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர் கென் மெல்மன் கறுப்பர் அமைப்பின் மாநாட்டுக்கே போய், இன வேறுபாட்டைப் பயன்படுத்தி ஆதாயம் தேடியது தவறு என்று ஒத்துக்கொண்டார்.

உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காக என்கிறார்களே?

பிரிந்துபோன தெற்கு மாநிலத்தவர்கள் எழுதியதைப் படித்தால் போதும். மிசிசிப்பியின் பிரிவினை அறிக்கை, எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்கிறது. தெற்குக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில், கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லை என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று பேசினார். தோற்ற பிறகுதான் “மாநில உரிமை” முன்னால் வந்தது. 1894இல் தொடங்கிய கூட்டமைப்பு மகள்கள் சங்கம் சிலைகளை வைத்தது, அடிமை முறைதான் காரணம் என்று சொல்லும் பாடநூல்களைப் பள்ளிகள் ஒதுக்க வேண்டும் என்று வேலை செய்தது. போரில் தோற்றவர்கள் பாடப் புத்தகத்தில் ஜெயித்தார்கள், அதுவும் மூன்று தலைமுறைக்கு.

வார்த்தையை மாற்றினாலே கருத்து மாறிவிடுமா?

நிறையவே. பெரும் சொத்து வைத்திருப்பவர் இறந்தால் விழும் வரிக்குப் பெயர் எஸ்டேட் வரி. 1990களில் குடியரசுக் கட்சியினர் அதை “சாவு வரி” என்று சொல்லிப் பழக்கினார்கள், ஃபிராங்க் லுன்ட்ஸ் என்ற கருத்துக்கணிப்பு ஆலோசகர் அந்தச் சொல்லைப் பரிந்துரைத்தவர்களில் முக்கியமானவர். 2024இல் ஒருவருக்கு 1 கோடியே 36 லட்சம் டாலர் சொத்து வரை இந்த வரியே கிடையாது. ஆயிரம் பேர் இறந்தால் இரண்டு பேருக்குக்கூட விழாது. ஆனால் எல்லோரும் சாகத்தானே போகிறோம், அதனால் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது.

ஒரே ஒரு ஆளைக் காட்டி லட்சம் பேரை மதிப்பிட வைப்பதும் இதே வகைதான். 1976இல் ரீகன், அரசு உதவித்தொகையை ஏமாற்றி வாங்குகிறார் என்று மேடைக்கு மேடை சொன்ன சிகாகோ பெண் கற்பனை இல்லை. 80 பெயர், 30 முகவரி, வருமானம் ஆண்டுக்கு 150,000 டாலர் என்றார். நீதிமன்றத்தில் நிரூபணமானது 2 பொய்ப் பெயர்களில் வாங்கிய 23 காசோலைகள். அவர் வேறு பல குற்றங்களிலும் சந்தேகிக்கப்பட்ட தேர்ந்த மோசடிக்காரர். உதவித்தொகை வாங்கும் சாதாரணத் தாய்மாருக்கும் அவருக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனால் “வெல்ஃபேர் குயின்” என்ற பட்டம் அந்தத் தாய்மார்கள் தலையில்தான் விழுந்தது, இன்னும் இறங்கவில்லை.

ஒபாமா, கமலா இருவரும் அமெரிக்காவில் பிறக்கவில்லை என்பது?

ஒபாமா 1961 ஆகஸ்ட் 4, ஹொனலுலு. அந்த மாதமே உள்ளூர்ப் பத்திரிகைகள் இரண்டில் பிறப்பு அறிவிப்பு வந்திருக்கிறது. இந்தப் புரளியை 2008 உட்கட்சித் தேர்தலில் பரப்பியவர்களில் ஹிலாரியின் தீவிர ரசிகர்கள் சிலரும் உண்டு, பிறகு டிரம்ப் அதைப் பிடித்துக்கொண்டார். 2011இல் முழுச் சான்றிதழ் வெளியான பிறகும் ஐந்து வருடம் கழித்துத்தான், 2016 செப்டம்பரில், ஒபாமா இங்கே பிறந்தவர் என்று ஒத்துக்கொண்டார்.

கமலா ஹாரிஸ் 1964 அக்டோபர் 20, ஓக்லண்ட், கலிஃபோர்னியா. அம்மா ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து இங்கே படிக்க வந்தவர், அப்பா ஜமைக்காக்காரர். பெற்றோர் அப்போது குடிமக்கள் இல்லை, அதனால் தகுதி இல்லை என்று 2020இல் எழுதினார்கள். 1868இன் 14ஆவது சட்டத் திருத்தமும், சீனப் பெற்றோருக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் அதற்குப் பதில். நம் பிள்ளைகள் இங்கே பிறந்ததும் குடிமக்கள் ஆனது அதே தீர்ப்பின் வழியில்தான், அதனால் இது நமக்கு யாரோ ஒருவர் வீட்டு விஷயம் இல்லை.

நம் பக்கமும் ஒரு கதை உண்டு. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம் அவருடைய தாத்தா ஊர், அங்கே அவருக்காகப் பூஜை செய்தார்கள், மாநாட்டுப் பேச்சில் “சித்தி” என்ற சொல் வந்ததும் எல்லோருக்கும் கண் கலங்கியது, எனக்கும்தான். ஆனால் அவர் ஜெயித்தால் விசா சுலபமாகிவிடும், தமிழருக்கு நல்லது நடக்கும் என்று சுற்றியவற்றுக்கு எந்த ஆதாரமும் இல்லை. நம் ஆள் என்ற பாசத்தில் நாம் எதையும் சரிபார்க்கவில்லை.

குடிமக்கள் அல்லாதவர்கள் லட்சக்கணக்கில் ஓட்டுப் போடுகிறார்களா?

இல்லை. தேசியத் தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போடுவது குற்றம் என்று 1996 சட்டமே இருக்கிறது. ஜார்ஜியா 2022இல் பட்டியலைச் சோதித்தபோது 25 ஆண்டுகளில் 1,634 பேர் பதிய முயன்றதாகத் தெரிந்தது, ஒருவரும் பட்டியலில் சேரவில்லை. கிரீன் கார்டு, எச்1பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கேள்வி வரும், அவசரத்தில் “ஆம்” போட்டுவிடாதீர்கள். குடியுரிமை இருப்பதாகச் சொன்னதாக ஆகி, நாடு கடத்தும் வரை போகலாம்.

டிவி சேனல்கள் எப்போதிலிருந்து இப்படி ஒரு பக்கம் சாய்ந்தவை ஆயின?

ஒளிபரப்பில் இரண்டு பக்கத்தையும் காட்ட வேண்டும் என்ற விதி 1949இலிருந்து இருந்தது, 1987இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ரஷ் லிம்பா என்ற வலதுசாரிப் பேச்சாளரின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது. 1996இல் எம்எஸ்என்பிசி, ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் வந்தன. அந்த விதி இருந்திருந்தால் ஃபாக்ஸே வந்திருக்காது என்று சிலர் சொல்வது தவறு, அது அலைவரிசையில் ஒளிபரப்பும் நிலையங்களுக்கு மட்டும், கேபிளுக்கு இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய இழப்பாகத் தெரிவது உள்ளூர்ப் பத்திரிகை. 2005இல் இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மூடிவிட்டார்கள். நகர மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்கார நிருபர் இல்லாத ஊரில் ஃபேஸ்புக் குழுதான் பத்திரிகை.

பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் நம்புகிறார்கள்?

ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மை போலத் தோன்ற ஆரம்பிக்கும் என்று 1977லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். மறுப்பதற்காகச் சொன்னாலும் அதே வாக்கியம் காதில் விழுந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், கட்சி இங்கே பலருக்கு உறவு மாதிரி ஆகிவிட்டது, கதையை விடுவது என்றால் சர்ச் நண்பர்களையும் மச்சானையும் விடுவது. எதிராகச் சொன்னால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்று 2010இல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. பிறகு பெரிய அளவில் சோதித்தவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆதாரம் காட்டினால் மக்கள் கொஞ்சம் திருந்தத்தான் செய்கிறார்கள். அதனால் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை.

சொந்தக்காரர் இப்படி ஃபார்வர்டு அனுப்பினால் என்ன செய்வது?

குரூப்பில் எல்லோர் முன்னாலும் மறுக்காதீர்கள். அவர் மானத்துக்காகவே அதைப் பிடித்துக்கொள்வார். தனியாகக் கூப்பிடுங்கள். பத்து ஆதாரம் வேண்டாம், ஒன்று போதும். படம் எங்கே எடுத்தது, தேதி என்ன, முதலில் சொன்னவர் யார், இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் கிடைத்தாலே பெரும்பாலும் ஆட்டம் காணும். குரலையும் நம்ப முடியாத காலம் இது. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் உட்கட்சித் தேர்தலுக்கு முன் பைடன் குரலிலேயே போன் வந்து, ஓட்டை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது. ஏஐ வைத்துச் செய்தது. செய்வித்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள்.

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா அந்த வாத்துப் படத்தை அனுப்பினார். உடனே கோபம் வந்தது, பதில் எழுதி அழித்துவிட்டு மறுநாள் காலை போனில் கூப்பிட்டேன். சித்தப்பா, அந்தப் படம் நான் இருக்கிற ஊரில் எடுத்தது, ஸ்பிரிங்ஃபீல்டே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குண்டு மிரட்டலைப் பற்றிச் சொன்னேன், பள்ளிக்கூடத்தைக் காலி செய்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியதைச் சொன்னேன். “அப்ப அந்தப் பிள்ளைங்க இப்ப ஸ்கூலுக்குப் போறாங்களாப்பா?” என்று கேட்டார். போகிறார்கள், வாசலில் போலீஸ் நிற்கிறது என்று சொன்னேன்.